கல் அறைக்குப் போகாத கம்பி

மால்சுன் விழுந்த பல் முளைக்கும் வயதிலேயே கொரியாவின் ஜெஜு தீவுக் கடலில் இறங்கியவள். மூச்சைப் பிடித்து முங்கி, சங்கும் கடல்நத்தையும் அள்ளிவந்தே இரண்டு பிள்ளைகளைச் சியோலில் படிக்கவைத்தாள். ஆழம் என்றால் அவளுக்குப் பயம் கிடையாது. பயமெல்லாம் கரையில்தான் படுத்திருந்தது.

புருஷன் சங்வோன் படகு ஓட்டிய மனுஷர். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டபின் கட்டிலே கதி. ஒருநாள் கட்டிலிலிருந்து விழுந்தவர், அவள் கடலைவிட்டு வரும்வரை சில்லிட்ட தரையிலேயே கிடந்தார். அன்றைக்கே சொல்லிவிட்டாள்: கட்டப்போகும் புது வீட்டில் இவருக்குப் பக்கத்தில் ஒரு கேமரா இல்லாமல் இனிமேல் கடலில் கால் வைக்கமாட்டேன். கரையில் நெருப்புக் காய்கிற தோழி யாராவது செல்போனில் ஒரு கண் வைத்துக்கொள்வாள். ஆனால் கடலை விட்டால் வேறு வருமானம் ஏது?

வீட்டைப் புதிதாகக் கட்டினாலும் பின்னால் இருந்த பழைய கருங்கல் அறையை இடிக்கவிடவில்லை சங்வோன். தன்னை யாரும் பார்க்காத இடமாக அது இருந்தது அவருக்கு. அந்தக் கனத்த சுவரைத் தாண்டிக் காற்றில் வரும் இணையம் போகாது. அதனால் தரைக்கடியில் குழாய் பதித்து, கம்பி இழுப்பது என்று திட்டம்.

இன்றைக்குக் கடைசி நாள். வீட்டைக் காக்கும் பழைய சாமிகள் வானுலகம் போய், புதுச் சாமிகள் இறங்கிவரும்வரை உள்ள இந்தச் சில நாட்களில்தான் தீவில் வீடு மாறுவார்கள், சுவரில் ஆணி அடிப்பார்கள். இன்றைக்குச் சூரியன் மறைந்துவிட்டால் அதன்பின் மால்சுன் ஒரு துளைகூடப் போடவிடமாட்டாள். ஊரே வீடு மாறுகிற வாரம் என்பதால் கம்பி இழுக்கும் தோஜுன் வந்து சேரும்போதே வெயில் சாய்ந்துவிட்டது.

குழாய்க்குள் அவன் விட்ட இழுவைக் கம்பி பாதியில் நின்றது. மறுபடி விட்டான். அங்கேயே நின்றது.

"உள்ள சிமெண்டு இறுகிக் கெடக்கு அத்தை. குழாய் வாயில துணி அடைச்சிருப்பாங்களே, அதை யாரு எடுத்தது?"

மால்சுன் குழாய் வாயைக் குனிந்து பார்த்தாள். தரை போட்ட அன்று, புருஷன் படுக்கப்போகும் அறையில் அழுக்குத் துணியா என்று பிடுங்கி எறிந்தது அவளேதான்.

"வேற வழி சொல்லு தம்பி."

"குளியலறைக் கூரையில ஏத்தி, சமையலறை வழியா எடுத்துட்டுப் போகலாம். அரை மணி நேர வேலை."

"கக்கூஸ்ல இருந்து அடுப்பங்கரைக்கா? உனக்குப் புத்தி இருக்கா?"

அடுப்பங்கரையைக் காக்கும் தாய்ச்சாமியும் கழிவறைச் சாமியும் சக்களத்திகள். அங்கிருந்து இங்கே ஒரு கூழாங்கல் வந்தாலும் குடும்பம் விளங்காது.

"சாமிங்கதான் ஊர்லயே இல்லையே அத்தை," என்று சிரித்தான் தோஜுன்.

"நாளைக்கு வருவாங்கல்ல? வந்து பார்த்துட்டு உன் வீட்டுக்கா போவாங்க?"

"சரி, வெளிச்சுவர்ல கொண்டு போறேன்னா அந்தக் கல்லைத் துளைக்கிற மெஷின் என்கிட்ட இல்ல. போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள இருட்டிடும்." அவன் செல்போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. "முன்கூடத்துக் குழாய் மட்டும் சுத்தமா இருக்கு. டீவிக்குனு போட்டது. அங்க வேணும்னா மாட்டிட்டுக் கெளம்புறேன்."

மால்சுன் ஜன்னலைப் பார்த்தாள். சூரியன் தண்ணீரைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. விறுவிறுவென்று கல் அறைக்குள் போனாள்.

"உங்க கட்டிலைக் கூடத்துல போடப்போறேன்."

சங்வோனின் கோணிய வாய் துடித்தது. "ஊ... ஊருக்கே காட்டப் போறியா என்னை? என்னைப் பொணமாத்தான் தூக்கிட்டுப் போவே."

"பொணமாக்கூடாதுன்னுதான் தூக்குறேன். ஊரு பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும். நீங்க தரையில கெடந்ததை நான் ஒருத்தி பார்த்தது போதாதா?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வாசலில் தோஜுன் பெட்டியை மூடுகிற சத்தம் கேட்டது. மால்சுன் கட்டில் காலைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவர் சம்மதிக்காமல் தூக்கினால் கீழே குதித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

சுவரைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "தலை... கடல் பக்கமா இருக்கணும்."

"தம்பி, பெட்டியை மூடாத. வந்து ஒரு கை பிடி," என்று கத்தினாள் மால்சுன்.

கேமராவில் பச்சை விளக்கு எரிந்தபோது கூடத்துத் தரையில் வெயில் ஒரு கோடாகத்தான் மிஞ்சியிருந்தது.

கடல் அடங்கிய முதல் நாளே அவள் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில், கரையில் நெருப்புக் காய்ந்துகொண்டிருந்த தோழி ஒக்சுன் செல்போனை உயர்த்திக் கூப்பிட்டாள்.

"அடியே மால்சுன், உன் புருஷன் கத்துறாருடி."

மால்சுன் மிதவையைப் பிடித்துக்கொண்டு தலையை உயர்த்தினாள். "விழுந்துட்டாரா?"

"விழல. பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி ஊட்டிக்கிட்டிருக்கா. அதுல உப்பே இல்லையாம்."

"டாக்டர் உப்பு வேண்டாம்னாருல்ல? நாளைக்கும் இருக்காதுன்னு சொல்லு," என்றாள் மால்சுன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினாள்.