கரம் கட்டியவள்

தேர்தல் நாள் காலையில், கரம் கட்டிய ரசீதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சித்தி எங்கள் முற்றத்தில் வந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. "ஏட்டி, வாறியா? தனியா போவ ஒரு மாதிரி இருக்கு" என்றாள். சித்தி என்றாலும் என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவள். நான் அப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை.

திருவிதாங்கூரில் அன்று நிலத்துக்குக் கரம், அதாவது வரி, கட்டுகிறவர்களுக்குத்தான் வோட்டு, பெண்ணானாலும் உண்டு. தாத்தா கொடுத்த வயல் சித்தியின் பேரில் இருந்தது. மார்த்தாண்டத்துக்கு வடக்கே இருந்த எங்கள் ஊர், அந்த வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிக்கொண்டிருந்தது. குளத்துக்கு வரும் கால்வாய் தூர்ந்துபோய், வருஷத்துக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், விளைந்த வயல்கள் ஒரு பூவுக்கே தவித்தன. பீருமேட்டு மலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை இருக்கிறது, காடு வெட்டினால் சொந்த நிலமும் கிடைக்கும் என்று தோட்டத்து ஆள் ஒருவன் வந்து சொன்னான். முதலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள் போனார்கள். நடுவதற்கு ஆள் கிடைக்காமல் வயல்காரர்களும் விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் எல்லாம் வெளியூர். என் வகுப்பில் கூப்பிட்டால் பதில் வராத பெயர்கள் மாதாமாதம் கூடின. சித்தப்பாவும் போனவர்தான். வயலை விற்றுவிட்டு வரச்சொல்லிக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். சித்தி விற்கவில்லை. தேர்தலில் நின்ற ஒருவர் கால்வாயை வெட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார், அவள் நம்பினாள்.

வோட்டுச் சாவடி பக்கத்து ஊரில். அந்த ஊர்க்காரர்கள் திருவிழாவுக்கு வந்தவர்கள்போல நிறைந்திருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து போனவர்களை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிவிடலாம்.

சித்தி நம்பியவர் ஜெயித்தார். கால்வாயும் வெட்டினார்கள், பக்கத்து ஊர்க் குளத்துக்கு. சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனாள். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார்.

"ஒங்க ஊருல இப்ப ஆளு எங்க இருக்கு, பிள்ளே? ஆளு இருக்கிய எடத்துக்குத்தானே தண்ணி விடமுடியும்."

"தண்ணி இல்லாமத்தானே ஆளு போச்சு" என்றாள் சித்தி.

அவர் உள்ளே பார்த்து மோர் கொண்டுவரச் சொன்னார். சித்தி குடிக்கவில்லை.

அடுத்த நடவும் கருகியது. வயலை விற்றாள், இன்று அங்கே ரப்பர் நிற்கிறது. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இங்கயே கெடந்திருப்பேன், மக்கா. ஒத்த ஆளா கெடந்து யாருகிட்ட என்ன கேக்க?" என்றாள். மலையில் இரண்டு மழைக்காலம் இருந்தாள். காய்ச்சல் கண்டு போய்விட்டாள் என்று சித்தப்பா எழுதிய கடிதம் என் கைக்கு வந்தபோது, அவளை அடக்கம் செய்து ஒரு மாதமாகியிருந்தது.

அடுத்த தேர்தலில் எனக்கும் வோட்டு இருந்தது. அம்மாவின் தோப்பு என் பேருக்கு மாறியிருந்தது. அதே சாவடி. பட்டியல் பழையது போலிருக்கிறது. குமாஸ்தா சித்தியின் பெயரைத் தாத்தா பெயரோடும் வீட்டுப் பெயரோடும் சேர்த்து முழுதாகக் கூப்பிட்டார். அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மலைக்குப் பெயிட்டாளா?"

"ஆமா" என்றேன்.

பேனாவை மையில் தொட்டு ஒரு கோடு இழுத்தார். அடுத்த பெயரும் எங்கள் ஊர்தான். அதற்கும் ஆள் இல்லை.