நேசமலரின் பெயரில் ஒரு காது

முன் அறையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. குசினியில் நேசமலரின் கை அகப்பையோடு அப்படியே நின்றது. மார்கழி வெள்ளத்தில், அவளோடு இரட்டையாகப் பிறந்த அண்ணன் தில்லைநாதன் போனபிறகு அவனுடைய கதிரையை யாரும் தொட்டதில்லை.

எட்டிப் பார்த்தாள். தகப்பன் அப்புத்துரை கதிரை போட்டது கொழும்பில் டாக்குத்தருக்குப் படிக்கும் இளைஞர் உட்காருவதற்கு. போன வருசம் சித்திரையில் முள்ளியவளைக்கு வந்து, இளந்தாரிகளையும் குமர்ப்பிள்ளைகளையும் உயரம், தோள், காது என்று அளந்து எழுதிப் போனவர்.

இளைஞர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஊர்ப்பெண்களின் காது ஆண்களின் காதைவிடச் சிறியதாம். நேசமலரின் தாளில் மட்டும் உயரமும் தோளும் பெண்ணளவு, காது ஆணளவு. பிழையான தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக அளக்க வேண்டும்.

நேசமலருக்கு அந்த நாள் நினைவு வந்தது. அன்று, குமர்ப்பிள்ளையின் காதை அந்நிய ஆண் தொடுவதா என்று அப்புத்துரை மறுத்ததால், கூடப்பிறந்தவனே அவளை அறைக்குள் வைத்து அளந்தான். தாளைக் காதோடு வைத்துப் பென்சிலால் சுற்றி வரையத் தொடங்கியதும் அவள் கூச்சத்தில் நெளிந்தாள்.

"நெளியாதை. இந்தா, என்ரை காதைக் கீறு," என்றான் தில்லைநாதன். "ஒரே வயித்திலை ஒண்டாக் கிடந்த காதுகள்தானே. ஆருக்கு வித்தியாசம் தெரியப்போகுது?"

தன் தாளில் அவன் காதைச் சிரித்துச் சிரித்துக் கீறினாள். காது குத்திய தழும்புக்கு ஒரு புள்ளியும் வைத்தாள். எட்டு மாதம் கழித்துக் குளக்கட்டு உடைந்தது. மண்மூட்டை சுமந்து போனவன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கும்பிட ஒரு படம்கூட வீட்டில் இல்லை.

அவள் குசினியை விட்டு வெளியே வந்தாள்.

"கிழிக்காதேங்கோ. அது என்ரை காதில்லை. அண்ணான்ரை."

தகப்பன் ஏசுவார் என்று நினைத்தாள். அவரோ, மகனின் சொந்தத் தாளைத் தரமுடியுமா என்று கேட்டார். அது மற்றத் தாள்களோடு கணக்கில் சேர்ந்து கொழும்பில் புத்தகமாகிவிட்டதாம். "இந்தத் தாள் எனக்கு உதவாது ஐயா, நீங்களே வைச்சிருங்கோ," என்றார் இளைஞர். பிறகு குரலைத் தாழ்த்தி, தங்கச்சியின் காதை இனி யார் அளப்பது என்று கேட்டார்.

அப்புத்துரை எழுந்து இளைஞரிடமிருந்து அளவுநூலை வாங்கினார். காதுகுத்து அன்று மடியில் வைத்து ஏந்திய பிறகு அவர் தொடாத காது. மகளின் காதில் நூலைப் பிடித்து, தாளில் இருந்த கோட்டோடு பொருத்திப் பார்த்தார்.

"வித்தியாசம் இருக்குது பிள்ளை. உன்ரை ஒரு நெல்லளவு சின்னன்," என்றார்.

இளைஞர் அளவை எழுதிக்கொண்டார். பழைய தாளைத் தில்லைநாதனின் கதிரையில் வைத்தார். கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

அப்புத்துரை கதிரையருகே குந்தினார். அவருடைய விரல் பென்சில் கோட்டின்மேல் ஊர்ந்து, அந்தப் புள்ளியில் வந்து நின்றது. வெளியே தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழுந்தது. தாளின் ஓரம் படபடத்தது.

நேசமலர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.