வளைவுக்கு அருகில் ஒரு ஓட்டை

காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் நான் வேலை செய்யும் தொழிற்சாலை. கார்களுக்கான தகட்டுப் பாகங்கள் செய்கிறோம். புதிதாக ஒரு பாகம் வந்தால், அதைச் சொன்ன தேதிக்குள் முடிக்க வைப்பது என் பொறுப்பு.

முன்பெல்லாம் வரைபடம் மெயிலில் வரும். அச்சு செய்கிற டூல் ரூமில் இருப்பது ஒன்று, குவாலிட்டியில் இருப்பது ஒன்று, என்னிடம் இருப்பது வேறொன்று. ஒருமுறை பழைய வரைபடத்தைப் பார்த்து, தகட்டை அழுத்தி வடிவம் தரும் எஃகு அச்சை வெட்டியதில் இரண்டு வாரம் வீணானது. அதன் பிறகுதான் எல்லோரும் ஒரே வரைபடத்தைப் பார்த்து, அதன் கீழேயே கருத்துச் சொல்கிற ஆப் ஒன்றை நிர்வாகம் கொண்டுவந்தது.

டூல் ரூம் ஃபோர்மேன் மட்டும் அதைத் தொடவில்லை. திருப்புட்குழிக்காரர், வேலையில் கெட்டிக்காரர்.

"டைப் பண்ணிக்கினு இருந்தா அச்சை யாரும்மா வெட்றது?" என்பார்.

"டைப் பண்ண வேணாம்ணா. இதை அமுக்கிட்டுப் பேசுங்க, போயிடும்" என்று மைக் படத்தைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஊர்க் கோயில் உற்சவத்துக்காக லீவு போட்டார். இங்கே நாங்கள் புதுப் பாகத்தின் அச்சுக்கான எஃகை மெஷினில் ஏற்றிவிட்டோம். அப்போது ஆப்பில் அவர் குரல் வந்தது, பின்னணியில் நாதஸ்வரத்தோடு.

"அந்த மூணாவது ஓட்டை வளையிற எடத்துக்கு ரொம்ப கிட்ட இருக்குது. வளைச்சா முட்டை மாதிரி நீண்டுக்கும். கொஞ்சம் தள்ளி வெக்கச் சொல்லுமா."

மெஷினை நிறுத்தச் சொன்னேன். டிசைனர் புனேயில் இருப்பவர், தமிழ் தெரியாது. குரல் பதிவுக்குக் கீழே அதை ஆங்கிலத்தில் எழுதினேன். மதியச் சாப்பாட்டுக்குள் திருத்திய வரைபடம் எல்லோர் திரையிலும் வந்துவிட்டது. முதல் சாம்பிளிலேயே ஓட்டைகள் அத்தனையும் வட்டமாக இருந்தன. சொன்ன தேதிக்கு முன்பே பாகத்தை அனுப்பினோம். எனக்கு அன்று கால் தரையில் படவில்லை.

லீவு முடிந்து வந்தவரிடம் விசாரித்தேன். "சாமி பொறப்பட லேட்டாச்சு. சும்மா நின்னுக்கினு இருந்தேன், தொறந்து பார்த்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. போன வாரம் கேன்டீன் சாம்பாரில் உப்பு இல்லை என்று ஒரு வரைபடத்தின் கீழே பேசிப் போட்டுவிட்டார். எந்த அளவை மாற்ற வேண்டும் என்று புனேயிலிருந்து அக்கறையாகக் கேள்வி வந்தது. நான் போய்ச் சொன்னபோது அவர் சிரிக்கவே இல்லை.

"ஒரு கைப்பிடி ஏத்தச் சொல்லுமா" என்றார்.