பன்னிரண்டாவது சுண்ணாம்புக் கோடு

சப்பான்காரன் வந்த பிறகு எங்கள் தோட்டத்தில் விடிவதற்கு முன்பே மணி ஆறாகிவிடும். அவன் ஊர் நேரத்தைக் கொண்டுவந்து எங்கள் ஸ்டோர் சுவரில் மாட்டியிருந்தான். சேவலுக்கு அது தெரியாது, பழைய நேரத்துக்கே கூவிக்கொண்டிருந்தது. இங்கே மலாயாவில் தம்பினிலிருந்து கோலா பிலா போகிற ரோட்டை ஒட்டிய ரப்பர்த் தோட்டம் அது. இருட்டில் எழுந்து பெரட்டுக் களத்துக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்போம். கிழக்கே திரும்பிக் குனியச் சொல்வார்கள். உபதேசியார் மகளாகப் பிறந்தவள் இப்படிச் சப்பான் ராசா இருக்கும் திக்கைக் கும்பிட வேண்டியதாயிற்றே என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே குனிவேன். ஊரிலிருக்கும் நீங்களெல்லாம் சண்டைக் காலத்தில் எப்படிப் பிழைத்தாய் என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறீர்கள். குண்டுக்குத் தப்பிய கதை என்னிடம் இல்லை. சொல்கிறேன், கேளுங்கள்.

நான் முதலில் சந்தேகப்பட்டது சப்பான்காரனை அல்ல, என் வலது அக்குளை. சண்டை வருவதற்குச் சில மாதம் முன்னால் சிரம்பான் ஆஸ்பத்திரியில் என் வலது மார்பை எடுத்துவிட்டார்கள். புற்று என்றார் வெள்ளைக்கார டாக்டர். அவர் சொன்னதை டிரஸ்ஸர் தமிழில் எனக்குச் சொன்னார். படுத்துக் கிடக்காதே, தினமும் நட, வேலை செய். சும்மா விட்டால் கை மரத்துப் போகும், அதனால் சுவரைப் பார்த்து நின்று விரல்களைப் பல்லி ஏறுவது போல மேலே ஏற்று. எட்டின உயரத்தைக் குறித்து வை. குளிக்கும்போது அக்குளைத் தடவிப் பார், கட்டி மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் உடனே ஓடி வா. சப்பான்காரன் வந்த பிறகு அந்த டாக்டர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஆக, எனக்கு நானே டாக்டர். காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்த தனிக்கட்டை வேறு.

லயத்து வரிசை வீடுகளில் ஒருவருக்கும் சொல்லவில்லை. புற்று ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிற சனங்கள். அது மட்டுமில்லை, வேலைக்கு வருகிறவர்களுக்குத்தான் அரிசி என்று சட்டம் போட்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு மரவள்ளிக்கிழங்கு. சீக்காளி என்று பேர் எழுதப்பட்டவர்களை லாரி வந்து ஏற்றிப் போகும், திரும்பக் கொண்டுவந்து விடாது என்றும் பேச்சு. நிஜமா பொய்யா என்று விசாரிக்க யாருக்குத் துணிச்சல்? ரவிக்கைக்குள் பழந்துணியை அடைத்துக்கொண்டு, ஒரு நாள் தவறாமல் பெரட்டுக்குப் போனேன். பால் வெட்டினேன், மரவள்ளிக் காட்டில் சங்கோல் மண்வெட்டி பிடித்துக் கொத்தினேன். வேலை முடிந்ததும் ஆற்றுவரை நடந்து கீரை பறித்து வருவேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் விரல் ஏற்றுவேன். புது உயரம் எட்டினால் வெற்றிலைச் சுண்ணாம்பை நகத்தில் எடுத்து ஒரு கோடு. வீட்டின் மேற்குச் சுவர் அது. எனக்கு மருந்து, டாக்டர், கோயில் எல்லாம் அதுதான்.

ஒரு நாள் பால் ஸ்டோருக்குப் பின்னால் யாருமில்லை என்று நினைத்து இரண்டு கையையும் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தேன். சப்பான் மேலதிகாரி வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. அவன் தினமும் காலையில் எங்களுக்குத் தாய்சோ என்று ஒரு தேகப்பயிற்சி சொல்லிக் கொடுப்பான், எல்லோரும் ஏனோதானோ என்று கையை ஆட்டிவிட்டுப் போவோம். நான் ஆசையோடு தனியாகப் பழகுகிறேன் என்று நினைத்துவிட்டான் பாவி! "பாகுஸ், பாகுஸ்" என்று அவனுக்குத் தெரிந்த மலாயில் மெச்சினான். மறுத்தால் வேறு என்ன காரணம் சொல்வேன்? மறுநாள் முதல் பெண்களுக்கு முன்னால் நின்று தாய்சோ நடத்துகிறவள் நான். ஒரு துண்டு சவுக்காரமும் கொடுத்தான், சவுக்காரமே கண்ணில் படாத காலத்தில்.

அதோடு என் பேர் கெட்டது. குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். யார் திடகாத்திரம், யார் நோஞ்சான் என்று களத்தில் எல்லோரையும் பார்த்தபடி நிற்பவள் நான் ஒருத்திதானே. அந்த வாரமே சயாம் ரயில் பாதைக்கு ஆள் எடுக்க லாரி வந்தது. பதினோரு ஆண்களைக் களத்திலேயே பிரித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். சட்டை எடுத்துவரக்கூட விடவில்லை. பட்டியலை யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லயத்துக்கு மட்டும் தெரிந்துவிட்டது, நான்தானாம்.

பக்கத்து வீட்டு அன்னக்கிளி என்னைவிட இளையவள். அவள் புருஷன் மாணிக்கம் லாரிக்குத் தப்பியிருந்தான். தீப்பெட்டி கிடைக்காத காலம். எந்த வீட்டு அடுப்பில் தணல் இருக்கிறதோ அங்கே போய்க் கொட்டாங்கச்சியில் அள்ளி வருவது வழக்கம், அதற்கு அனுமதி கேட்பதில்லை. நான் ஆற்றுக்குப் போயிருந்தபோது என் வீட்டுக்குள் தணல் எடுக்க வந்தவள் சுவரைப் பார்த்துவிட்டாள். கோடுகளை எண்ணிக் குழாயடியில் சொல்லியும் விட்டாள். மறுநாள் நான் திரும்பி வரும்போது வாசலில் நின்றாள். மாணிக்கம் அவள் வீட்டுக்குள் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். காட்டுக்கு ஓடப் போகிறான் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஓடிப் பிடிபட்டவர்களின் கதி எல்லோருக்கும் தெரியும்.

"பதினோரு பேரு போயாச்சு," என்றாள். "ஒன் செவுத்துல பன்னெண்டு கோடு இருக்கு. பன்னெண்டாவது எம் புருஷனா, அக்கா?"

உண்மையைச் சொன்னால் என் அரிசியும் உயிரும் இவள் வாயில். சொல்லாவிட்டால் அவன் காட்டுக்குப் போய்விடுவான். இவளே பேர் எழுதுகிற கிராணியிடம் சொல்லி நல்ல பேர் வாங்கமாட்டாள் என்று என்ன நிச்சயம்? அந்த நேரத்திலும் அப்படித்தான் கணக்குப் போட்டேன், வெட்கமாக இருக்கிறது. அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். ரவிக்கையை அவிழ்த்துத் துணியை எடுத்துக் கீழே போட்டேன். அவள் பார்த்தாள். நான் திரும்பிச் சுவரில் விரலை ஏற்றினேன். பன்னிரண்டாவது கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே கை நின்றுவிட்டது.

"இது முந்தாநாள் எட்டுனது. இன்னிக்கி எட்டல," என்றேன்.

"நோவுதா?" என்று கேட்டாள். அறுத்த நாளிலிருந்து அதை என்னிடம் யாருமே கேட்டதில்லை. சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவள் போய் மாணிக்கத்தின் மூட்டையை அவிழ்த்துவிட்டாள்.

மறுநாள் பெரட்டில் அவள் கிராணியிடம் போய்த் தணிந்த குரலில் ஏதோ சொல்வதைப் பார்த்தேன். கிராணி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். தொலைந்தோம் என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால், தன் மரங்களை நான் பால் வெட்டும் நிரைக்குப் பக்கத்தில் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறாள். என் நிரையில் உயரத்தில் வெட்ட வேண்டிய மரங்களுக்குப் போய் அவளே கத்தியை வைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. தள்ளிப் போடி, கையைத் தூக்கினால்தான் நான் மனுஷி என்று விரட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே வாளியை மட்டும் வாங்கிக்கொண்டாள். அப்போதும் நான் அவளை முழுசாக நம்பவில்லை.

மூன்றாவது வாரம் லாரி மறுபடி வந்தது. ஒரே ஒரு ஆளைத்தான் ஏற்றினார்கள். மாணிக்கம்.

என் தழும்பைக் காட்டாமல் இருந்திருந்தால் அவன் காட்டுக்குள் போயிருப்பான், ஒருவேளை பிழைத்திருப்பான். நான் சொன்னது உண்மைதான், அந்த உண்மைதான் அவனை வீட்டில் இருத்தியது. பெண்கள் அன்னக்கிளியைச் சூழ்ந்துகொண்டு, பார்த்தாயா பன்னிரண்டு சரியாகிவிட்டது என்றார்கள். கோட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று மட்டும் சொன்னாள். அது என்ன கோடு என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் பேர் சீக்காளிப் பட்டியலில் ஏறியிருக்கும்.

அதன் பிறகு நான் சுவர்ப் பக்கமே போகவில்லை. களத்தில் கையைப் பாதிவரைக்கும் தூக்கி ஏமாற்றினேன். பத்து நாளில் தோள் இறுகத் தொடங்கியது. இறுகட்டும் என்று விட்டேன். ஒரு காலையில் அன்னக்கிளி தணல் எடுக்க வந்தாள். கொட்டாங்கச்சியைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். சுவரில் வைத்து மேலே தள்ளினாள். வலியில் கத்தினேன், விடவில்லை. அன்று பன்னிரண்டு எட்டவில்லை. மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும். மாதம் ஒன்று போனபின் பன்னிரண்டைத் தாண்டினேன். அவளே சுண்ணாம்பை எடுத்துப் பதின்மூன்றாவது கோட்டைப் போட்டாள். அதைப் பாசமென்று எடுத்துக்கொள்வதா, தண்டனையென்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

சண்டை ஓய்ந்தது. சயாம் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாய் வந்தார்கள், மாணிக்கம் வரவில்லை. கப்பல் ஓடத் தொடங்கியதும் நான் ஊருக்கு வந்தேன், நீங்கள் பார்த்தீர்கள். அக்குளில் புளியங்கொட்டை அளவு ஒன்று தட்டுப்படுகிறது என்று தம்பியிடம் சொன்னதும், இங்கேயே இருந்துவிடு, சொந்த மண்ணில் கண்ணை மூடு என்று எல்லோரும் அழுதீர்கள். உங்கள் பிரியத்தில் குறையில்லை. தம்பி வீட்டுச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். கூரை தாழ்வு. ஏழாவது கோட்டு உயரத்திலேயே விரல் ஓலையில் இடித்தது. அடுத்த கப்பலில் திரும்பிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே மணி பழையபடி ஆகிவிட்டது, சேவலும் கடிகாரமும் ஒத்துப்போகின்றன. சிரம்பானில் வேறொரு டாக்டர் கட்டியைப் பார்த்துவிட்டு நடக்கச் சொல்லியிருக்கிறார். நடக்கிறேன். காலையில் மேற்குச் சுவரைப் பார்த்து, அதாவது உங்களைப் பார்த்து நின்று, விரலை ஏற்றுகிறேன். முதுகுக்குப் பின்னால் அன்னக்கிளி வந்து அடுப்பைக் கிளறும் சத்தம் கேட்கும். கடையில் இப்போது தீப்பெட்டி தாராளமாகக் கிடைக்கிறது. அவள் இன்னும் என் வீட்டில்தான் தணல் எடுக்கிறாள்.