தண்ணீருக்கென்று ஒரு கோப்பை

போஹுன்காவுக்குக் குரல் பெரிது. காலையில் அவள் பட்டறைக்குள் நுழைந்து வணக்கம் சொன்னால் அலமாரியில் அடுக்கியிருக்கும் கோப்பைகளும் பதில் வணக்கம் சொல்லும் என்று கண்ணாடிக்குப் பட்டை தீட்டும் அலோயிஸ் கேலி செய்வார். அதற்கும் அவள் பெரிதாகச் சிரிப்பாள்.

ஹவ்ரான் கிரிஸ்டல் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. நாற்பத்தெட்டு ஆகும்வரை அதே மேசை, அதே மரச்சீவல், அதே வெள்ளைக் காகிதம். வடக்கு பொஹீமியாவில் அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது உலைக்கோ சாணைக்கோ போய்க்கொண்டிருந்தார்கள். அவள் புருஷன் மத்தோஷ் மட்டும் பஸ் ஓட்டினான். "கையில எடுத்தா உடையற சாமான் எனக்கு ஆகாது" என்பான்.

வெளிநாட்டுத் தலைவர் யாராவது பிராக்குக்கு அரசு விருந்தாளியாக வந்தால் ஹவ்ரானிலிருந்து ஒரு பூச்சாடி பரிசாகப் போகும். உள்ளே நீலப் பட்டு வைத்த அந்தப் பெட்டியைக் கட்டுவது எப்போதும் போஹுன்காதான். அப்படி முப்பத்தொரு பெட்டி கட்டியிருக்கிறாள். விருந்துக்கு மறுநாள் ஆசையாகப் பத்திரிகையைப் பிரிப்பாள். பூச்சாடியைக் காணோம். விருந்து மேசையில் இரண்டு தலைவர்கள் கோப்பையை உயர்த்திப் பிடித்திருக்கும் படம்தான் ஒவ்வொரு முறையும் இருக்கும். அந்தப் படங்களை வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டே வந்தாள். பதினேழு படம் சேர்ந்ததும், ஒரு திங்கட்கிழமை, அத்தனையையும் உரித்து எடுத்துக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

இயக்குநர் ரதானா முப்பத்தைந்து வயதுக்காரி. வெளிநாட்டு விற்பனை வருடத்துக்கு வருடம் இறங்கிக்கொண்டிருந்த கவலை அவள் முகத்தில் அப்பியிருந்தது.

"இதப் பாருங்க மேடம்," என்று படங்களை மேசைமேல் பரப்பினாள் போஹுன்கா. "நம்ம பூச்சாடி எங்க?"

"இல்லையே."

"எப்படி இருக்கும்? பெட்டிக்குள்ள வெச்சு நானே இறுக்கிக் கட்டி அனுப்பறேன். அவங்க ஊர்ல ஏதாவது கிடங்குல கிடக்கும். எல்லாக் கேமராவும் எதப் பாக்குது? கையில இருக்கற கிளாஸத்தான. அது யாரோட கிளாஸ்? நம்மளது இல்ல!"

ரதானா பதினேழு படங்களையும் மறுபடி ஒருமுறை பார்த்தாள். "இத பிராக்ல போய்ச் சொல்லணுமே. விற்பனைப் பிரிவுல யாரையாவது..."

"அவங்க போனா விலைப்பட்டியலக் குடுத்துட்டு, காபியக் குடிச்சிட்டு வந்துடுவாங்க."

"சரி. அப்ப நீங்களே போங்க."

போஹுன்காவுக்கு வாயடைத்துப் போனது. இருபத்தொன்பது வருடத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை என்று ரதானா பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

ஆறு கோப்பைகளை மத்தோஷின் கம்பளிக் காலுறைகளுக்குள் நுழைத்து, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே போனாள். அரசு விருந்துகளைக் கவனிக்கும் ஸ்வதாவா அம்மையார் சாம்பல் நிறக் கோட்டின் கடைசிப் பொத்தான்வரை போட்டிருந்தார். "பத்து நிமிஷம் இருக்கு," என்றார்.

போஹுன்கா ஒரு காலுறையிலிருந்து கோப்பையை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, நகத்தால் சுண்டினாள். அந்த நாதம் அறையைச் சுற்றி வந்து அடங்கியது.

"இது... காலுறையா?"

"துவைச்சதுதாங்க."

ஸ்வதாவாவின் உதட்டோரம் அசைந்தது. பத்து நிமிடம் ஒரு மணி நேரமாயிற்று. போஹுன்கா வெளியே வரும்போது விஷயம் முடிவாகியிருந்தது. செப்டம்பரில் ஒரு தீவு நாட்டின் அதிபர் அம்மாள் வருகிறார். நூற்று நாற்பது பேருக்கு விருந்து. ஒயின் கோப்பைகள் அத்தனையும் ஹவ்ரான். தண்ணீருக்கு மட்டும் அங்கே இருக்கும் சாதாரண கிளாஸ்களே போதும்.

கோடை முழுவதும் தொழிற்சாலை கொதித்தது. ஹவ்ரானுக்கே உரிய எட்டுமுனை நட்சத்திரத்தைக் கோப்பை கோப்பையாகப் பட்டை தீட்டினார்கள். விடுமுறைக்குப் போனவர்கள்கூடப் பாதியில் திரும்பி வந்தார்கள்.

விருந்து செவ்வாய்க்கிழமை. முந்திய வெள்ளிக்கிழமை மதியம், கடைசிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது ஸ்வதாவாவிடமிருந்து போன் வந்தது.

"அதிபர் மது தொடமாட்டாங்களாம், இப்பத்தான் தெரிஞ்சது. தண்ணியிலதான் வாழ்த்து சொல்லுவாங்க. மரியாதைக்கு நம்ம அதிபரும் தண்ணிதான். தலைமை மேசையில பன்னெண்டு பேருமே தண்ணிதான்."

போஹுன்கா அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கேமரா பார்க்கப் போகும் கைகளில் ஹவ்ரான் இருக்காது! அரை நிமிடம்தான் உட்கார்ந்திருப்பாள். எழுந்து முற்றத்தைத் தாண்டி ஓடினாள்.

பட்டறையில் அலோயிஸ் தொப்பி மாட்டிக்கொண்டு, கூடையும் கையுமாகக் கிளம்பி நின்றார்.

"தொப்பியக் கழட்டு அலோயிஸ்!"

"என்னடி பெட்டிக்காரி, உலை வெடிச்சிடுச்சா?"

"பன்னெண்டு தண்ணிக் கோப்பை வேணும். திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள."

"மழை பேஞ்சு ரெண்டு நாளாச்சு. காட்டுல காளான் கொட்டிக் கிடக்கு. நான் போறேன், ஆள விடு."

"காளான்தான? நான் கடையில வாங்கித் தர்றேன்."

"காளான... கடையிலயா?" அலோயிஸுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "உன்னப் போய் ஒரு மனுஷின்னு நெனச்சேனே!"

ஆனால் விஷயத்தைக் கேட்டதும் கூடையைக் கீழே வைத்தார். நட்சத்திரம் தீட்டிய ஒரு கோப்பையில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அவளிடம் நீட்டினார். "என்ன தெரியுது?"

"ஒண்ணும் எடுப்பா இல்லையே. கீறல் மாதிரி இருக்கு."

"ஒயின் ஊத்தினாத்தான் இதுக்கு உயிரு. தண்ணிக்கு நிறம் கிடையாது. அதனால விளக்கு வெளிச்சத்தப் பிடிச்சு உள்ள வைக்கற பட்டையா இருக்கணும்." கட்டைவிரல் நுனியால் கோப்பையின் மேல் வட்ட வட்டமாக அழுத்திக் காட்டினார். "சின்னச் சின்னக் குழி. வழவழன்னு. மழைத்துளி விழுந்த மாதிரி."

கிடங்கில் நின்றுபோன ஆர்டர் ஒன்றின் உயரமான, பட்டை தீட்டாத வெறுங்கோப்பைகள் பதினாறு கிடந்தன. மூன்று பேர் சனியும் ஞாயிறும் சாணைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ரதானா ரொட்டிக்குள் வறுத்த இறைச்சித் துண்டுகளை வைத்து, ஒரு கூடை பீரோடு தானே கொண்டுவந்து கொடுத்தாள். ஞாயிறு மதியம் ஒன்றின் கழுத்து முறிந்தது. திங்கள் காலையில் இரண்டு விரிசல் விட்டன. இன்னொன்றில் ஊசிமுனை அளவு குமிழி. அலோயிஸ் அதைத் தானே தரையில் போட்டு உடைத்தார். மிஞ்சியது பன்னிரண்டு. உதிரிக்கு ஒன்றுகூட இல்லை.

பிராக்குக்கு வண்டியில் போகும் வழியெல்லாம் போஹுன்கா அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே போனாள். ஓட்டுநர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவளிடம் மன்னிப்புக் கேட்டான்.

விருந்து மண்டபத்தின் பின்கட்டில் வினிகர் கலந்த வெந்நீரில் அவளே கழுவி, லினன் துணியால் துடைத்து, வெள்ளைக் கையுறையோடு தலைமை மேசையில் வைத்தாள். பிறகு ஏப்ரனோடு கதவிடுக்கில் நின்றுகொண்டாள். நூற்று நாற்பது பேர் எழுந்து நின்றார்கள். நம் அதிபர் பேசினார். பிறகு விருந்தாளி அம்மாள் பேசினார். கடைசியில் கோப்பையை உயர்த்தினார்.

உயர்த்தியவர் குடிக்கவில்லை. கண்ணுக்கு நேராகப் பிடித்துத் திருப்பினார். தண்ணீருக்குள் நூறு குட்டிச் சரவிளக்குகள் சுழன்றன. அவர் ஏதோ சொல்ல, நம் அதிபரும் தன் கோப்பையைத் திருப்பிப் பார்த்தார். அரசு விருந்தில் கோப்பைகளை மோதிக்கொள்ளும் வழக்கமில்லை. அவர்கள் மோதிக்கொண்டார்கள். அவர்கள் பேசிய ஒலிவாங்கி இன்னும் அணைக்கப்படாமல் இருந்ததால் அந்த நாதம் மண்டபம் முழுக்கக் கேட்டது. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த வீடுகளிலும் கேட்டது.

இரண்டு நிமிடத்தில் ஸ்வதாவா ஓடி வந்தார். ஓடி! கோட்டுப் பொத்தான் ஒன்று கழன்றிருந்தது. "வாங்க, வாங்க! இத யார் செஞ்சதுன்னு கேக்கறாங்க!"

"ஏப்ரன் போட்டிருக்கேனே!"

"அப்படியே வாங்க!"

மொழிபெயர்ப்பாளர் நடுவில் நின்றார். அதிபர் அம்மாள் கேட்டார்: "இதுக்குள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் வெக்கலைங்க அம்மா. வெறும் தண்ணி!" போஹுன்காவின் குரல் கடைசி மேசைவரை போயிற்று. "தீட்டினது அலோயிஸ். சனி ஞாயிறு காளான் பறிக்கப் போகவேண்டிய மனுஷன் உங்களுக்காக உக்காந்தாரு."

மொழிபெயர்ப்பு முடிவதற்குள்ளேயே நம் நாட்டுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். மழை விட்டதும் குடும்பம் குடும்பமாகக் கூடையோடு காளான் பறிக்கக் காட்டுக்கு ஓடுகிறவர்கள் அவர்கள். அந்த வாரக் கடைசியைத் தியாகம் செய்வது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். அதிபர் அம்மாள் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போது எடுத்த படம்தான் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம். ஒரு கையில் கோப்பை, மறு கையில் வெள்ளைக் கையுறை போட்ட போஹுன்காவின் கை.

புதன்கிழமை ஹவ்ரானின் போன் ஓயவில்லை. மூன்று தூதரகங்கள், வியன்னாவில் ஒரு பெரிய ஓட்டல், பெயர் சொல்லாமல் "அந்த மழைக் கோப்பை இருக்கா?" என்று கேட்ட எத்தனையோ வீட்டுக்காரர்கள். ரதானா ஒரு காதில் போனும் மறு காதில் விரலுமாக அறைக்கும் வராந்தாவுக்கும் நடந்துகொண்டிருந்தாள். அலோயிஸ் ஒரு வாரம் எதிரில் வந்தவர்களிடமெல்லாம் போஹுன்காவைத் திட்டினார். "நாடே பாக்கும்போது என்னக் காளான்காரன் ஆக்கிட்டா! யாருக்கும் சொல்லாம வெச்சிருந்த காடு, இப்ப அது எதுன்னு ஒவ்வொருத்தனும் கேக்கறான்!"

போஹுன்காவுக்கு மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். அரசு விருந்துகள் எல்லாம் இனி அவள் பொறுப்பு. வருகிற தலைவர் என்ன குடிப்பார், எந்தக் கையால் எடுப்பார், விரல் நடுங்குமா என்பதையெல்லாம் மூன்று மாதம் முன்பே ஸ்வதாவாவிடம் கேட்டு வாங்கினாள். ஒரு ராஜாவுக்கு விரல் மூட்டுவலி என்று தெரிந்து, பிடிக்க எளிதாகக் கோப்பையின் தண்டைத் தடிமனாக ஊதச் சொன்னாள். அவர் போகும்போது இருபத்துநான்கு கோப்பைகள் விலை கொடுத்து வாங்கிப் போனார்.

ஏப்ரலில் நம் அதிபர் பதில் பயணமாக அந்தத் தீவுக்குப் போனபோது, கூடவே ஒரு சாணைச் சக்கரமும் அலோயிஸும் போஹுன்காவும் போனார்கள். இருவருக்கும் அதுதான் முதல் விமானம். துறைமுகத்தை ஒட்டிய சந்தைக் கூடத்தில் சக்கரத்தைப் போட்டு, மக்கள் கண்முன்னே அலோயிஸ் பட்டை தீட்டினார். மூன்று நாளும் வரிசை தெருவரை நின்றது.

மூன்றாம் நாள் ஓர் இளநீர்க்காரர், வரிசையில் நின்று களைத்து, தன் இளநீரையே ஒரு மழைக் கோப்பையில் ஊற்றி அலோயிஸிடம் நீட்டினார். அலோயிஸ் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார்.

"இது தண்ணி இல்ல, போஹுன்கா. லேசா மங்கலா இருக்கு. இந்தக் குழியில வெளிச்சம் பிடிபடாது. இதுக்கு வேற பட்டை போடணும்."

"எப்படி?"

"இரு, யோசிக்க விடு. முதல்ல இன்னொரு கிளாஸ் ஊத்தச் சொல்லு."

போஹுன்கா அதற்குள் பையைக் கவிழ்த்துப் பேனாவைத் தேட ஆரம்பித்திருந்தாள்.