முகமூடி போட்ட பேய்

அப்டன் பார்க்கில், பழைய புத்தகக் கடையொன்றில் அந்தக் காமிக்ஸைக் கண்டதும் கையில் எடுத்தேன். அட்டையில் சாக்கு முகமூடி போட்ட பேய். செத்தும் திரும்பி வந்து அப்பாவிகளைக் காப்பாற்றுகிறவன். லண்டனில் யாருக்கும் தெரியாத அவனை யாழ்ப்பாணத்தில் அண்ணை எனக்கு வாசித்துக் காட்டுவார். அந்தப் புத்தகம் மண்ணெண்ணெய் மணக்கும்.

இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்த அன்று அண்ணை விறகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். அம்மா படலையடியில் ஆமிக்காரரை மறித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர்களோடு, ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி சாக்கால் முகத்தை மூடியபடி நின்றான். ஆறு வயதுக்காரி நான் விறகடிக்கு ஓடினேன்.

"அண்ணை, வெளியில வாங்கோ! உங்கட பேய் வந்திட்டுது!"

சத்தம் கேட்டு ஆமி ஓடி வந்தது. கொண்டுபோன அண்ணை திரும்பவேயில்லை.

கடையில் என்னோடு நின்ற அம்மா அட்டையைப் பார்த்தார்.

"இப்பிடித்தான் வந்தவன். அந்தத் தலையாட்டிதான் என்ர பிள்ளையைக் காட்டிக் குடுத்தவன்."

"ஓம், அம்மா" என்றேன்.