ஆளில்லாத வீட்டுப் படிக்கட்டு

எங்கள் துறைமுக ஊரில் குசுமோதோவைப் போல ஒரு வாயில்லாப் பூச்சியை நான் பார்த்ததில்லை. காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவர். ஓடி வருகிற ஆளுக்காகப் பஸ்ஸை நிறுத்தி வைப்பார். தாமதத்துக்கு உள்ளே இருப்பவர்களிடம் மைக்கில் மன்னிப்புக் கேட்பார். மூச்சிரைக்க ஏறியவரிடமும் கேட்பார்.

அவர் வீடு மலைச்சரிவில், என் சலவைக் கடைக்கு நேர் மேலே. கடையை ஒட்டிச் செங்குத்தாக ஏறும் கல் படிக்கட்டு அந்த ஒரு வீட்டுக்கு மட்டும்தான் போகிறது. அவர் மனைவி தோமியேவுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனதும், பிடித்து இறங்கக் கம்பி வைக்கலாமென்று இரும்புக் குழாய்கூட வாங்கிப் போட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஊரை வரைந்த ஓர் அனிமே கார்ட்டூன் படம் வந்து தொலைத்தது.

கடைசிக் காட்சியில் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி இந்தப் படிகளில் அழுதுகொண்டே ஓடி இறங்குகிறாள். கல்லின் விரிசல்வரை அப்படியே வரைந்திருக்கிறார்கள். மேலே இருக்கிற வீடு மட்டும் கதையில் ஆளில்லாத பாழ்வீடு. பிறகென்ன, நாடு முழுக்க இருந்து ரசிகர்கள் கிளம்பிவிட்டார்கள். புனித யாத்திரையாம். செல்போனில் அந்தக் காட்சியை வைத்துக்கொண்டு, அதே கோணம் அமையும்வரை இப்படியும் அப்படியும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லக் கூடாது. குப்பை போடுவதில்லை, சத்தம் இல்லை, என் கடை வாசலில் நின்றதற்கு என்னிடம் குனிந்து மன்னிப்பு வேறு. இப்படிப்பட்டவர்கள் மேல் யார்தான் கோபப்படுவது? நான் பட்டேன். அது என் சுபாவம்.

கடைத்தெருச் சங்கத் தலைவர் ஓகிதா இனிப்புப் பெட்டியோடு மேலே ஏறினார். பெட்டியின் மேலும் அந்தப் பெண்ணின் முகம்தான்.

"குசுமோதோ அண்ணே, இப்பக் கம்பி வச்சா காட்சியே கெட்டுரும். கொஞ்ச நாள் பொறுத்துக்கிட்டா ஊருக்கே நல்லது."

"அதுக்கென்னங்க, பரவால்ல" என்றார் இவர். பெட்டியைக் கையில் வாங்கிவிட்ட மனுஷன் வேறென்ன சொல்வார்!

கொஞ்ச நாள் இரண்டு வருஷமானது. தோமியே இறங்குவதை விட்டாள். கொடியில் துணி காயப்போடுவதையும் விட்டாள். பிறகு சன்னல்களையும் சாத்திவிட்டாள். நான் மேலே போனபோது பகலிலும் விளக்கு எரிந்தது.

"எதுக்குக்கா இப்படி அடைச்சுக்கிட்டுக் கெடக்கறீங்க?"

"எவ்ளோ தூரத்துலேருந்து வருதுங்க. பாழ்வீடுன்னு ஆசையா நிமிர்ந்து பாக்கறப்போ, என் உள்பாவாடை ஆடுறது தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே வந்தால், குசுமோதோ மீன் பையோடு படிக்கட்டுக்கு ஓரமாக நிற்கிறார். ஒரு பையன் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"உங்க வீட்டுக்குப் போக யார்கிட்டண்ணே உத்தரவு வாங்கணும்?"

"இரும்மா, பாவம், இப்பத்தான் அவனுக்குக் கோணம் அமைஞ்சிருக்கு."

ஒருநாள் அவரே என் கடைக்குள் வந்து உட்கார்ந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"நேத்து சோறு போடும்போது, ‘மீன் கடை இன்னும் இருக்கா’ன்னு கேக்கறா. தினமும் அந்தக் கடை மீனைத்தான் திங்கிறா. பொறுத்துப் பொறுத்து அலுத்துப்போச்சும்மா எனக்கு."

அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் காலை கல்லில் துளை போடும் சத்தம் கேட்டது. கொல்லையில் துருவேறிக் கிடந்த அதே குழாய். ஓகிதா ஓடிவந்து, "அண்ணே, அண்ணே" என்று கீழேயே நின்று தவித்தார். இவர் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி துளை போட்டார்.

சிமெண்டு இறுகியதும் தோமியேவை வெளியே கூட்டி வந்தார். ஞாயிற்றுக்கிழமை. கீழே ரசிகர் கூட்டம். பாழ்வீட்டுக் கதவு திறந்து ஒரு அம்மாள் வந்ததும் எல்லாருக்கும் திக்கென்றது. ஆனால் என்ன மரியாதை! எல்லாரும் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒதுங்கிக் காத்து நின்றார்கள்.

அந்தக் காத்திருப்புதான் வினையானது. தனக்காக இத்தனை பேர் நிற்கிறார்களே என்று தோமியேவுக்குப் பொறுக்கவில்லை. பாதிப் படியில் நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க, குறுக்க வந்துட்டேன். நீங்க எடுங்க, நீங்க எடுங்க" என்று சொல்லி, கம்பியைப் பிடித்தபடி மேலே ஏறத் திரும்பினாள்.

"எறங்கு!"

குசுமோதோ கத்தி நான் அன்றுதான் கேட்டேன்.

அவள் இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் நின்று, மூச்சு வாங்கி, இறங்கினாள். யாரும் படம் எடுக்கவில்லை. என் கடை முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு அண்ணாந்து, சன்னல்களெல்லாம் சாத்திக் கிடந்த தன் வீட்டை வெகுநேரம் பார்த்தாள்.

"அவங்க வரைஞ்சது சரிதாங்க" என்றாள் கணவரிடம். "அங்க யாரும் இருக்கற மாதிரியே தெரியல."